பத்தாயிரம் பேர் நாடு, மூனு தங்கம்: கேஎல் 98ல நவுரு

போன மாசம் எங்க பளு தூக்குற ரூம்ல ஒரு மீட்டிங். எட்டு பேரு, ஒரு பிளாஸ்க் தே-ஓ (பால் விடாத டீ), ரெண்டு பெஞ்சு, அவ்வளவுதான். இந்த வருஷம் கைல சேந்த காசை என்ன பண்றதுன்னு பேச்சு. ஒரு அண்ணன் எல்லா பிள்ளைக்கும் ஜெர்சி அடிக்கலாம்னாரு, இன்னொருத்தர் தீபாவளிக்கு முன்ன திடல்ல ஒரு போட்டி வச்சு கப்பு குடுக்கலாம்னாரு, அப்புறம் கபடி டீம் ஒன்னு, ஃபுட்பால் டீம் ஒன்னு, சிலம்பத்துக்கு கொஞ்சம்னு பேச்சு போய்க்கிட்டே இருந்துச்சு. எல்லாம் நல்ல மனசோட சொன்னதுதான், ஆனா எங்ககிட்ட இருக்கிற காசை அப்படி பிச்சுக் குடுத்தா எதுவும் ஒரு வருஷத்த தாண்டாது. நான் ரெண்டு வாரம் டைம் கேட்டேன். சின்ன இடத்துலேர்ந்து போய் பெரிய போட்டியில ஜெயிச்ச ஒரு டீமை எடுத்து, எப்படி நடந்துச்சு, எதனால நடந்துச்சு, எங்க தேங்கிப் போச்சுன்னு முழுசா பாத்துட்டு வந்து சொல்றேன், அப்புறம் காசைப் பத்தி பேசுவோம்னு சொன்னேன். அந்த ரெண்டு வாரத்து வேலைதான் இது.

எடுத்துக்கிட்ட டீம் நவுரு. போட்டி, 1998 கோலாலம்பூர் காமன்வெல்த்.

நவுருவ எடுத்ததுக்கு காரணம் இருக்கு. 98ல எனக்கு 13 வயசு, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல, தொழிலாளிங்க வரிசை வீட்டுல, லயம்னு சொல்வோம், அங்கதான் இருந்தோம். செப்டம்பர் 11லேர்ந்து 21 வரைக்கும் போட்டி, ஆசியாவுல நடந்த முதல் காமன்வெல்த் போட்டியே அதுதான். ரிங்கிட் விழுந்து, அந்த மாசம் ஆரம்பத்துலதான் டாலருக்கு 3.80ன்னு கட்டி வச்சாங்க, வீட்டுல கை இறுக்கம், ஆனா சாயந்திரம் ஆனா கிராணி (தோட்டத்து கிளார்க்கு) வீட்டு ஜன்னலுக்கு முன்னால இருபது பேரு நின்னு டிவி பாப்போம், பெரியவங்க முன்னால உக்காந்துக்குவாங்க, நாங்க பின்னால சைக்கிள் மேல ஏறி நிப்போம். ஜி.சரவணன் 50 கிலோமீட்டர் நடையில தங்கம் வாங்கினப்ப, தடகளத்துல மலேசியாவுக்கு முதல் காமன்வெல்த் தங்கம் அது, எங்க பாட்டி லயத்து வாசல்ல கற்பூரம் ஏத்துனாங்க. அந்த வருஷம் மலேசியாவுக்கு மொத்தம் 10 தங்கம். நான் பேப்பர்ல வர்ற பதக்கப் பட்டியலை தினம் வெட்டி நோட்டுல ஒட்டுவேன். அப்படி ஒட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் பட்டியல்ல ஒரு பேரு பட்டுச்சு, நவுரு, தங்கம் 3. அப்பாகிட்ட கேட்டேன், அவருக்கும் தெரியல. ஸ்கூல்ல மாட்டியிருந்த உலக வரைபடத்துல தேடினேன், பேரு இருந்துச்சு, பேருக்குப் பக்கத்துல நிலத்தைக் காணோம்.

நவுரு பசிபிக் கடல்ல பூமத்திய ரேகைக்கு கொஞ்சம் கீழ இருக்கிற ஒரே ஒரு தீவு. மொத்த நிலமே 21 சதுர கிலோமீட்டர். தீவைச் சுத்தி வர்ற ரோடு 19 கிலோமீட்டர்தான், கிட்டத்தட்ட சிப்புட்லேர்ந்து கோல கங்சார் போற தூரம். அப்ப ஜனத்தொகை பத்தாயிரம் சொச்சம். எங்க டவுனையும் சுத்தி இருக்கிற தோட்டம், தாமான்னு சொல்ற வீடமைப்பு, கம்பம்னு சொல்ற கிராமம் எல்லாத்தையும் சேத்து எண்ணினா அதைவிட ஆளு ஜாஸ்தி. கொடி நீலம், நடுவுல மெல்லிசா ஒரு மஞ்சக் கோடு, அதுதான் பூமத்திய ரேகை, கோட்டுக்குக் கீழ வெள்ளையா ஒரு நட்சத்திரம், அதுக்கு 12 முனை, அங்க இருந்த 12 குலத்துக்கு. 98 செப்டம்பர்ல இந்த நாடு ஐநாவுலயே உறுப்பினர் கிடையாது, 99லதான் சேந்துச்சு. காமன்வெல்த்துல முழு உறுப்பினர் ஆனதும் 99ல, அதுவரைக்கும் சிறப்பு உறுப்பினர்னு தனி வகையில வச்சிருந்தாங்க. அப்படிப்பட்ட நாட்டுக் கொடி கேஎல்ல நடுக் கம்பத்துல ஏறுச்சு.

மூனு தங்கமும் ஒரே ஆளோடது. மார்கஸ் ஸ்டீபன், 62 கிலோ எடைப் பிரிவு. ஒரு ஆளு எப்படி ஒரே பிரிவுல மூனு தங்கம் வாங்குறாருன்னு எங்க பிள்ளைங்களே கேட்டுச்சுங்க, அதனால சொல்லிடுறேன். பளு தூக்குதல்ல ரெண்டு தூக்கு. ஸ்னாட்ச்னா தரையிலேர்ந்து ஒரே இழுப்புல தலைக்கு மேல போயிடணும். கிளீன் அண்ட் ஜெர்க்னா முதல்ல நெஞ்சுக்கு, அங்க ஒரு மூச்சு, அப்புறம் தலைக்கு மேல. ஒவ்வொன்னுக்கும் மூனு வாய்ப்பு, ரெண்டுலயும் சிறந்ததைக் கூட்டினா மொத்தம். அந்தக் காலத்து காமன்வெல்த்துல ஸ்னாட்ச்சுக்கு ஒரு பதக்கம், ஜெர்க்குக்கு ஒன்னு, மொத்தத்துக்கு ஒன்னு. மூனுலயும் அவரு முதல். இதை இப்பவே மனசுல வச்சுக்கணும், பின்னால கணக்கு பாக்கும்போது இது வரும்.

கேஎல் அவருக்கு முதல் வெற்றியும் கிடையாது. 1990 ஆக்லாந்துல ஸ்னாட்ச் தங்கம், கூட ரெண்டு வெள்ளி. 1994 கனடா விக்டோரியாவுல மூனு தங்கம். 98ல மூனு. 2002 மான்செஸ்டர்ல மூனு வெள்ளி. கூட்டிப் பாத்தா 7 தங்கம், 5 வெள்ளி, பன்னெண்டு வருஷத்துல. 98 செப்டம்பர்ல அவருக்கு 29 வயசு முடியப் போகுது, அக்டோபர் 1 பொறந்த நாள். நம்ம ஊர்ல 29 வயசுல கல்யாணம் ஆகி தொப்பை விழுந்து ‘நானும் ஒரு காலத்துல ஸ்டேட்டுக்கு விளையாடினேன்’னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க. இவரு பத்து வருஷமா விடாம ஒரே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு.

இப்ப ஆராய்ச்சிக்கு வர்றேன். ஏன் பளு தூக்குதல்? நவுரு ஜனங்க உசுரா விளையாடுறது ஆஸ்திரேலிய ஃபுட்பால். அது காமன்வெல்த்துலயும் இல்ல, ஒலிம்பிக்லயும் இல்ல. சின்ன ஊர்ல புடிச்ச விளையாட்டு ஒன்னு, வெளிய போய் ஜெயிக்க வழி இருக்கிற விளையாட்டு வேற ஒன்னுன்னு இருக்கும், இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதுதான் எங்க பகுதியில நான் முப்பது வருஷமா பாக்குறது.

எங்க தோட்டத்துல நல்ல ஃபுட்பால் டீம் இருந்துச்சு. பக்கத்துத் தோட்டம், அதுக்குப் பக்கத்துத் தோட்டம், யாரு வந்தாலும் அடிச்சு அனுப்புவாங்க. வருஷா வருஷம் கப்பு எங்களுக்குத்தான். ஒரு தடவை ஈப்போவுக்கு ஒரு பெரிய போட்டிக்குப் போனாங்க, ஏழு கோல் வாங்கிட்டு வந்தாங்க, திரும்பி வர்ற லோரியில ஒருத்தரும் பேசல. அவங்ககிட்ட தெறமை இல்லாம இல்ல. அந்த வேகத்துல வர்ற பந்தை அவங்க அதுவரைக்கும் பாத்ததே இல்ல, பழக எதிராளி கிடையாது. ஃபுட்பாலுக்கு நம்ம பதினோரு பேரு பத்தாது, நம்மைவிட நல்லா ஆடுற இன்னொரு பதினோரு பேரு வாரா வாரம் வேணும். சின்ன இடத்துல அது எங்க கிடைக்கும்? ஹாக்கிக்கும் அதே கதை, பேட்மிண்டனுக்கும் அதே கதை.

பளு தூக்குறதுல எதிராளி கம்பிதான். ஆம்பளைங்க கம்பி 20 கிலோ, பொம்பளைங்க கம்பி 15. சிவப்பு தட்டு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. நாலுக்கு நாலு மீட்டர் பலகை. நவுருவுல கூரைக்குக் கீழ நின்னு 100 கிலோ தூக்கினா கேஎல்லயும் அது 100 கிலோதான், லண்டன்லயும் 100 கிலோதான். போட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே நாம எங்க நிக்கிறோம்னு கிலோ கணக்குல தெரியும். நடுவர் மூனு பேரு, ரெண்டு வெள்ளை லைட் விழுந்தா செல்லும், நீ எந்த நாடு எந்த ஜாதின்னு கம்பிக்கு தெரியாது. அதோட எடைப் பிரிவு இருக்கிறதால 62 கிலோ ஆளு 62 கிலோ ஆளோடதான் மோதணும். பத்தாயிரம் பேருல ஒரு முழு ஹாக்கி டீம் தேத்துறது கஷ்டம், 62 கிலோவுல ஒரே ஒரு நல்ல ஆளைத் தேடி வளக்குறது நடக்குற காரியம். என்னைக் கேட்டா இந்தக் கேஸ்ல பாதி விஷயம் இங்கயே முடிஞ்சு போச்சு.

மீதிப் பாதி கோச். ஸ்டீபன் பள்ளிக்கூடம் படிச்சது ஆஸ்திரேலியா மெல்பர்ன்ல. அங்கதான் பால் கோஃபாங்கிற கோச் கண்ணுல படுறாரு. பால் கோஃபா யாருன்னா, பசிபிக் தீவுங்கள்ல இன்னைக்கு பளு தூக்குதல் இருக்குதுன்னா அதுல பெரிய பங்கு அவருக்குத்தான், தீவுக்கே வந்து தங்கி பிள்ளைங்கள பழக்கினவரு. பின்னால ஓசியானியா பளு தூக்கும் பயிற்சிக் கூடம்னு ஒன்னை நடத்தி பல தீவுப் பிள்ளைங்களை ஒரே கூரைக்குக் கீழ தங்க வச்சு பழக்கினாரு.

கோச் கண்ணுன்னா என்னன்னு எங்க ரூம்லயே சொல்றேன். எங்க ரூம்னா அது பழைய ஆயாக் கொட்டகை. தோட்டம் ஓடிக்கிட்டு இருந்த காலத்துல விடியக்காலை அம்மாங்க ரப்பர் பால் வெட்டப் போறப்ப கைக்குழந்தைய விட்டுட்டுப் போற இடம், என்னையும் அங்கதான் தூளியில போட்டு ஆட்டுனாங்களாம், அந்தத் தூளி கட்டின இரும்பு வளையம் இன்னும் உத்தரத்துல இருக்கு. எங்ககிட்ட பதினஞ்சு வயசுப் பொண்ணு ஒன்னு, 47 கிலோ உடம்பு, ஸ்னாட்ச் 38ல நின்னு போச்சு. மூனு மாசம் 40 ஏறவே இல்ல. பலம் பத்தலன்னு நெனச்சு குந்தி எந்திரிக்கிறதை கூட்டினேன், சோறு கூட்டினேன், ஒன்னும் நடக்கல. ஒரு நாள் ஈப்போலேர்ந்து பழைய லிஃப்டர் ஒருத்தர் வந்தாரு, பெரியவரு, பசியாறிட்டு சும்மா உக்காந்து பாத்தாரு. அவ பத்து தடவை தூக்கினா. அவரு கம்பியையும் பாக்கல, கையையும் பாக்கல, அவ கறுப்பு சுளுவாரை, அதான் கால்சட்டையைப் பாத்தாரு.

“இந்தா பாப்பா, இங்க வாம்மா. தொடையில சுண்ணாம்புக் கோடு எங்க விழுந்திருக்கு பாரு.”

“முட்டிக்கு மேல கொஞ்சம் இருக்கு தாத்தா.”

“அதுக்கு மேல?”

“மேல ஒன்னும் இல்ல தாத்தா.”

“அப்ப கம்பி முட்டி தாண்டினதும் உன்னைவிட்டு வெளிய ஓடிருச்சு. இடுப்பு வரைக்கும் கோடு வரணும். கம்பிய உரசிக்கிட்டே கொண்டு வா, கையை முந்தி மடக்காத.”

கையில தடவுற மெக்னீசியம் பவுடர் கம்பியில ஒட்டி, கம்பி உரசுற எடத்துல துணியில வெள்ளைக் கோடா விழும். அந்தக் கோடு எங்க நிக்குதோ அங்க கம்பி விலகிருச்சுன்னு அர்த்தம். மூனு மாசமா அந்தக் கோடு என் கண்ணு முன்னால இருந்துச்சு, நான் அதைப் படிக்கத் தெரியாம இருந்தேன். அடுத்த வாரம் 40 போச்சு, அதுக்கு அடுத்த மாசம் 43. பலம் அவகிட்ட முன்னாடியே இருந்துச்சு. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை இருபது கிலோவுக்கு மேல இருக்கும், அதைக் கம்பியால குத்தி லோரிக்கு மேல வீசுற ஆளுங்களோட பேத்தி அவ. நவுருவுலயும் அப்படித்தான், பலசாலிங்க எப்பவும் இருந்திருக்காங்க. அந்தக் கோட்டைப் பாத்துச் சொல்ற ஒருத்தர் வந்து சேந்ததுக்கு அப்புறம்தான் பதக்கம் வந்துச்சு.

காசு விஷயத்த மறைச்சுட்டுப் பேசினா இந்த ஆய்வு பொய்யாயிடும். நவுருகிட்ட அப்ப காசு இருந்துச்சு. தீவு முழுக்க பாஸ்பேட், உரத்துக்குப் போற மண்ணு. 1968ல சுதந்திரம், அதுக்கப்புறம் பாஸ்பேட் தொழிலைத் தங்களோட கைக்கு மாத்திக்கிட்டாங்க, 70, 80களில் ஆளுக்கு வருமானம்னு கணக்குப் போட்டா உலகத்துலயே மேல இருந்த நாடுங்கள்ல ஒன்னு. மெல்பர்ன்ல 52 மாடியில நவுரு ஹவுஸ்னு ஒரு கட்டடமே கட்டினாங்க, 1977ல. பிள்ளைங்க ஆஸ்திரேலியாவுல போய்ப் படிச்சது அந்தக் காசுல. ஸ்டீபன் மெல்பர்ன்ல இருந்ததும் அப்படிப்பட்ட காலத்துலதான். பாஸ்பேட் இல்லன்னா அவரு அந்த கோச் கண்ணுல பட்டிருப்பாரான்னு கேட்டா, பட்டிருக்க மாட்டாருன்னுதான் நான் நெனைக்கிறேன்.

ஆனா அந்த மண்ணு தீந்து போச்சு. தீவுல முக்கால்வாசிக்கு மேல தோண்டி எடுத்தாச்சு, நடுத் தீவு முழுக்க பல்லு பல்லா சுண்ணாம்புப் பாறைதான் நிக்குது, அதுல வீடும் கட்ட முடியாது, மரமும் நட முடியாது. முதலீடு பண்ணின காசு கடன்ல போச்சு, 2004ல மெல்பர்ன் கட்டடத்தையே விக்க வேண்டியதாச்சு. இதைப் படிக்கும்போது எனக்கு எங்க தோட்டம்தான் ஞாபகம் வந்துச்சு. பால்மரத்த வெட்டி செம்பனை போட்டாங்க, செம்பனைய வெட்டி வீடு கட்ட வித்தாங்க, லயத்துல இருந்தவங்க தாமான்ல வாடகைக்குப் போனாங்க. தோட்டத்தோட திடல் போச்சு, டீம் போச்சு, கொட்டகை மட்டும் எப்படியோ தப்பிச்சு நிக்குது. நவுருவுல காசு போன பிறகும் பளு தூக்குறது நிக்கலங்கிறதைத்தான் நான் இங்க முக்கியமா பாக்குறேன். ஒரு பலகை, ஒரு கம்பி, பழகின ஆளு நாலு பேரு இருந்தாங்க, அவங்க அடுத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க.

அடுத்து, பதக்கத்த எப்படி எண்ணணும்னு பாக்கணும். 2002 மான்செஸ்டர்ல நவுரு 15 பதக்கம் வாங்குச்சு, 2 தங்கம், 5 வெள்ளி, 8 வெண்கலம். பொம்பளைங்களுக்கு காமன்வெல்த்துல பளு தூக்குதல் வந்ததும் அந்த வருஷம்தான், நவுரு பொண்ணுங்க அதுல பதக்கம் எடுத்தாங்க. 2006 மெல்பர்ன்லேர்ந்து விதி மாறிருச்சு, மொத்தத்துக்கு மட்டும்தான் பதக்கம். அதுக்கப்புறம் நவுருவோட எண்ணிக்கை சுருங்கிருச்சு, 2006லயும் 2010 டில்லியிலயும் யுகியோ பீட்டர் 77 கிலோவுல தங்கம், அப்புறம் ஒரு போட்டிக்கு ஒன்னு ரெண்டு பதக்கம்னு. பட்டியலை மட்டும் பாத்தா ஏதோ விழுந்துட்ட மாதிரி தெரியும், பாதி வித்தியாசம் எண்ணுற முறையில வந்தது. இன்னொன்னும் இருக்கு. காமன்வெல்த்துல சீனா கிடையாது, பல்கேரியா கிடையாது, ரஷ்யா கிடையாது, பளு தூக்குறதுல உலகத்த ஆட்டிப் படைச்ச நாடுங்க பெரும்பாலும் அந்த வட்டத்துக்கு வெளிய. ஒலிம்பிக்ல நவுரு இன்னைக்கு வரைக்கும் ஒரு பதக்கமும் வாங்கினதில்ல. 1996 அட்லாண்டாவுக்கு முதல் தடவை மூனு பேரு போனாங்க, மூனு பேரும் பளு தூக்குறவங்க. 2008 பெய்ஜிங்குக்கு நாட்டுக்கே ஒரே ஒரு ஆளு, இட்டே டெட்டெனாமோ, அவரேதான் கொடி தூக்கினாரு, அவரேதான் பளுவும் தூக்கினாரு. ஆனா ஸ்டீபன் காமன்வெல்த்துல மட்டும் பெரிய ஆளுன்னு யாரும் சொல்லிட முடியாது, கேஎல் முடிஞ்ச அடுத்த வருஷமே உலக சாம்பியன்ஷிப்ல கிளீன் அண்ட் ஜெர்க்ல வெள்ளி எடுத்தாரு, அங்க எல்லா நாடும் இருந்துச்சு.

அப்புறம் ஆளு நழுவிப் போறது. 2018 கோல்ட் கோஸ்ட்ல நவுருவுக்கு வெள்ளி வாங்கிக் குடுத்த கரிஸ்மா அமோ-டாரண்ட், பின்னால டோக்கியோ ஒலிம்பிக்ல ஆஸ்திரேலியாவுக்குத் தூக்கினாங்க. நான் குத்தம் சொல்லல. சின்ன இடத்துல பத்து வருஷம் வளத்த பிள்ளை பெரிய இடத்துக்குப் போறது நடக்கத்தான் செய்யும், சிப்புட் பிள்ளைங்க எல்லாம் கேஎல்லயும் சிங்கப்பூர்லயும்தான் இருக்கு. ஆனா திட்டம் போடும்போது இதையும் சேத்துத்தான் போடணும், ஒரே ஒரு பிள்ளைய நம்பி ரூம் நடத்தினா அது போன அன்னிக்கு ரூமை மூட வேண்டியதுதான்.

இந்த நாட்டைப் பத்திப் படிக்கப் போய், விளையாட்டுக்கு சம்பந்தமில்லாத ஒன்னு என்னைப் பிடிச்சுக்கிச்சு. ஜப்பான்காரன் காலத்துல நவுருலேர்ந்து 1,200 பேரை டிரக்ங்கிற வேற தீவுக்கு வேலைக்கு ஏத்திட்டுப் போனாங்க. பசியிலயும் நோவுலயும் செத்தவங்க போக 737 பேருதான் திரும்பினாங்க, 1946 ஜனவரி 31. அந்த ஜனவரி 31ஐத்தான் 1968ல சுதந்திர நாளா எடுத்துக்கிட்டாங்க. அதே காலத்துல எங்க பக்கத்துத் தோட்டங்கள்லேர்ந்து சயாமுல, அதான் தாய்லாந்துல, ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட ஏத்திட்டுப் போனவங்களை நெனச்சேன், எங்க தாத்தாவோட அண்ணன் அப்படிப் போனவருதான், திரும்பல. நவுருவுல அங்கம் நாள்னு இன்னொன்னு இருக்கு, அக்டோபர் 26. ஜனத்தொகை 1,500ஐ தொட்டா இனம் அழியாதுன்னு நம்பினாங்க, 1932ல அந்த 1,500வது குழந்தை பொறந்த நாளைக் கொண்டாடினாங்க, போருக்கப்புறம் கொறஞ்சு திரும்ப அந்த எண்ணிக்கைக்கு வந்தப்ப மறுபடியும் கொண்டாடினாங்க. தன்னோட ஜனத்தை ஒன்னு ரெண்டுன்னு எண்ணி வச்சிருந்த நாடு அது. அங்க ஒருத்தர் தங்கம் வாங்கினா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 2003ல அதே ஸ்டீபனை பார்லிமெண்டுக்கு அனுப்பினாங்க, 2007 டிசம்பர்ல அவரு நாட்டுக்கே அதிபர் ஆனாரு, 2011 வரைக்கும் இருந்தாரு.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் நான் எதிர்பாத்ததுதான். எதிர்பாக்காத ஒன்னு 1992ல இருந்துச்சு. பார்சிலோனா ஒலிம்பிக். ஆக்லாந்துல தங்கம் வாங்கி ரெண்டு வருஷம், நல்ல ஃபார்ம்ல இருக்காரு, ஆனா போக முடியாது, ஏன்னா நவுருவுக்கு ஒலிம்பிக் கமிட்டியே கிடையாது. கமிட்டி இல்லன்னா நாடு இல்லாத மாதிரி. அவரு சமோவா குடியுரிமை வாங்கி சமோவாவுக்காகத் தூக்கினாரு. நவுரு ஒலிம்பிக் கமிட்டிக்கு அங்கீகாரம் கிடைச்சது 1994ல, அதுக்கப்புறம்தான் 96ல தன்னோட கொடிக்குக் கீழ ஒலிம்பிக் மேடை ஏறினாரு. அந்த நாலு வருஷத்துல அவரோட உடம்போ பலமோ மாறினதால அந்தக் கொடி வந்துடல. ஒரு காகிதம் வந்துச்சு.

இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எங்க ரூம்ல ஒரு தம்பி இருக்கான், 17 வயசு. அவங்க அப்பா அம்மா கோயில்ல தாலி கட்டி, லயத்துல பந்தல் போட்டு, ஊருக்கே சோறு போட்டு கல்யாணம் பண்ணினவங்க, ஆனா பதியல. 1982 மார்ச்லேர்ந்து கல்யாணத்த சட்டப்படி பதிஞ்சாத்தான் செல்லும்னு ஆனது தோட்டத்துல பல பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு டவுனுக்குப் போகல. பதியாத கல்யாணத்துல பொறந்த பிள்ளைக்கு அம்மாவோட குடியுரிமைதான், அம்மாவுக்கே காகிதம் இல்லன்னா பிள்ளைக்கும் இல்ல. அப்பாகிட்ட நீல ஐசி, அதாவது குடிமக்களுக்குக் குடுக்கிற அடையாள அட்டை, இருக்கு, பையன்கிட்ட ஒன்னும் இல்ல. போன வருஷம் மாநில அளவுல ஒரு போட்டி, இவன் ரூம்ல எடுத்த எடைக்கு கண்டிப்பா முதல் மூனுல வந்திருப்பான். பாரத்துல ஐசி நம்பர் கட்டம் காலியா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கவுண்டர்ல இருந்தவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்களுக்கு விதி அப்படி. அன்னிக்கு அவன் வீட்டுக்குப் போகாம நேரா ரூமுக்கு வந்து எல்லாத் தட்டையும் துணியால துடைச்சு வச்சுட்டுப் போனான்.

அவனுக்காக 15ஏ மனு போட்டிருக்கோம், குறிப்பிட்ட வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்கு அரசாங்கம் தன் அதிகாரத்துல குடியுரிமை குடுக்கிற அரசியல் சட்டப் பிரிவு அது. அந்த வயசைத் தாண்டுறதுக்குள்ள நடக்கணும்.

ரெண்டு வாரம் கழிச்சு மீட்டிங்ல நான் சொன்னது இதுதான். ஜெர்சி வேணாம், கப்பு வேணாம். பாதிக் காசை ஈப்போ பெரியவருக்கு வாரம் ரெண்டு நாள் வந்து போக பஸ் காசு, சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவுன்னு வைப்போம், அவரு பொண்ணுங்க பையனுங்க எல்லாரையும் பாக்கட்டும், நானும் கூட நின்னு அந்தக் கோடு படிக்கக் கத்துக்கிறேன். கால் பங்கு பொம்பளைப் பிள்ளைங்களுக்கு 15 கிலோ கம்பி ஒன்னு, இப்ப அதுங்க 20 கிலோ கம்பியிலதான் பழகுதுங்க, கை சின்னது, கம்பி பருமன். மீதிக் கால் பங்கு தம்பியோட குடியுரிமை மனுவுக்காக அரசாங்க ஆபீஸ் இருக்கிற புத்ராஜெயா போய் வர்ற செலவு, பெட்ரோல், டோல், போட்டோகாப்பி, சாட்சி சொல்ல வர்ற பெரியவங்களுக்கு ஒரு நாள் கூலி. இந்தக் கடைசிக் கால் பங்குக்குத்தான் பேச்சு வந்துச்சு. விளையாட்டுக்கு சேத்த காசாச்சே தம்பின்னு அண்ணன் கேட்டாரு. நான் ஸ்டீபன் சமோவா பாஸ்போர்ட் கதைய சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அவங்க கல்யாணப் பந்தல்ல நான்தான் வாழமரம் கட்டினேன், சாட்சிக்கு நானும் வர்றேன்னு சொன்னாரு.

செவ்வாய்க்கிழமை போறோம். அடுத்த போட்டி பாரம் வந்திருச்சு, நேத்து சாயந்திரம் தம்பியும் நானும் உக்காந்து நிரப்பினோம். பேரு, பொறந்த தேதி, முகவரி, ஸ்னாட்ச், ஜெர்க். ஐசி கட்டத்த விட்டுட்டோம். உடம்பு எடை கேட்டிருந்துச்சு, அவன் எந்திரிச்சுப் போய் சட்டையக் கழட்டிட்டு தராசுல நின்னு பாத்துட்டு வந்து எழுதினான், 61.4.